முள்ளிப்பட்டுக்குப் போன ஃபில்டர்கள்

கலர் மீன் கடைக்கு வருகிறவர்கள் மீனை ஆசை ஆசையாகத் தாங்களே பொறுக்கிக்கொள்வார்கள். எந்த ஃபில்டர் வைப்பது என்ற கவலையை மட்டும் கடையில் இருப்பவர் தலையில் கட்டிவிடுவார்கள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு, ஆரணியில் மாமாவின் கடையில் இருந்தேன். யாராவது நிமிர்ந்து பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது.

மோட்டார் சத்தம்

முள்ளிப்பட்டில் பட்டு நெய்கிற முருகேசன் அண்ணன் சின்னத் தொட்டி ஒன்று கேட்டு வந்தார். அவர் மனைவி செல்விக்கு ஆறாம் மாதம். முன்பு இரண்டு முறை கலைந்துவிட்டதால், இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவரையே பார்த்து அழுகிறாராம்.

கூழாங்கல்லுக்கு அடியில் பதிக்கிற தட்டு ஃபில்டர் என்றால், சுத்தம் செய்யத் தொட்டியையே கலைக்க வேண்டும். மூலையில் வைக்கிற, பஞ்சு அடைத்த டப்பா ஃபில்டரைக் காட்டினேன். காற்று மோட்டார் நாள் முழுக்க உறுமும், அக்காவுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று மெல்லச் சொன்னேன். சிரித்துவிட்டார். "தறி சத்தத்துல தூங்கறவம்மா அவ. சத்தம் நின்னாதான் முழிச்சிக்குவா."

சிவப்புத் தண்ணீர்

இரண்டு வாரத்தில் தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தார். ரோஜாப்பூ நிறம். பஞ்சு அழுக்கானதும் வீசிவிட்டு, தறியடியில் கிடந்த அரக்குச் சிவப்புப் பட்டுநூல் கழிவை உருட்டி அடைத்திருக்கிறார். நல்ல வேளை, மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பஞ்சே வேண்டாமென்று ஸ்பாஞ்ச் ஃபில்டர் கொடுத்தேன். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நம்ம சேலை சாயம் போவாதுன்னு ஊர் பூரா சத்தியம் பண்ணிகினு இருக்கேன். வெளிய சொல்லிடாதம்மா."

அதிகச் சுத்தம்

அடுத்த முறை அவர் முகமே சரியில்லை. சாயம் போடுமுன் பட்டுநூலில் ஒட்டியிருக்கும் பசையை எடுப்பதுபோல, ஸ்பாஞ்சைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, வெள்ளை வெளேரென்று திரும்ப வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் தண்ணீர் பால்போல் கலங்கி, இரண்டு மீன் செத்துப்போயின. தான் ஆசைப்பட்டது எதுவும் தங்காது என்று செல்வி சாப்பிடாமல் கிடக்கிறாராம்.

மாமாவிடம் சொல்லிவிட்டு, கடைத் தொட்டியில் மாதக்கணக்காக ஊறிய பழைய ஸ்பாஞ்சை ஈரத்தோடு பையில் போட்டுக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த செல்வி அக்காவிடம், என் வாழ்நாளிலேயே அதிகமாகப் பேசினேன். அழுக்கைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கும். வேகவைத்ததில் அவை செத்துவிட்டன; நான் கொண்டுவந்த பழைய ஸ்பாஞ்சில் உயிரோடு இருக்கின்றன. இனித் தொட்டித் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும் என்றேன். என் பக்கம் திரும்பினார். "அப்ப இவரு சோப்பு போட்டதாலதானா? என்னால இல்லியா?"

வந்த காரியம்

தை மாதத்தில் செல்வி அக்காவே கடைக்கு வந்தார், தோளில் பெண் குழந்தையோடு. நானோ வழக்கம்போல என்ன மீன் வேண்டும் என்று கேட்டுவைத்தேன். "மீனும் வேணாம், ஃபில்டரும் வேணாம். படுத்துகினு பாத்தது போதும்மா. பஸ் ஸ்டாண்டுலருந்து நடந்தே வந்தேன், அத சொல்லத்தான் வந்தேன்."

எந்த ஃபில்டர் நல்லது என்று யாராவது கேட்டால், தொட்டியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பதும், மாமா தலையில் அடித்துக்கொள்வதும் அன்றிலிருந்துதான்.