மாமாவின் உயரத்து வில்

உருகும் தேன்மெழுகின் வாசனையும் எலுமிச்சந்தோலின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால், என்ன வேலையில் இருந்தாலும் என் கை ஒரு கணம் நின்றுவிடும். இத்தாலியில், பலெர்மோ நகரத்துச் சீசாப் பகுதியில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டுக் "குசினி"யும், அடுப்பில் மெழுகைக் கரைத்துக்கொண்டு நின்ற அப்பாவும், வாசல் கதவுக்குப் பின்னால் சாத்தி நின்ற வில்லும் அப்படியே கண்முன் வந்துவிடும். வேட்டைத் திருவிழாவுக்கு முந்திய கிழமை முழுவதும் எங்கள் வீடு இப்படித்தான் மணக்கும்.

வன்னியில் அம்மாவின் ஊர்க் கோயிலில், ஆண்டுத் திருவிழாவின்போது ஒருநாள் சாமி வேட்டைக்குப் புறப்படுவார். அவருக்கு முன்னால் வில் பிடித்துப் போகும் உரிமை அம்மாவின் வீட்டாருக்கு உரியது. கடைசியாகப் பிடித்தவர் அம்மாவின் ஒரே தம்பி, என் சிவம் மாமா. "பிடிக்கிறவன்ரை உயரம்தான் வில்லின்ரை உயரம்" என்பது அந்த ஊரின் சட்டம். ஆள் மாறினால் வில்லை அவருடைய அளவுக்கு வெட்டுவார்கள், எட்டாவிட்டால் புதிதாகச் செய்வார்கள். பலெர்மோவில் எங்கள் சனம் ஒரு பழைய கராஜை வாடகைக்கு எடுத்துக் கோயிலாக்கியபோது, அம்மா அடம்பிடித்து அந்த வேட்டை நாளையும் திருவிழாவில் சேர்க்க வைத்தார்.

போர் முடிந்தபோது மாமா காணாமல் போயிருந்தார். ஆமி அவரைப் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அந்தப் பக்கமே அவர் வரவில்லை என்று இன்னொருவர் சொன்னார். அம்மா அழவில்லை. நாட்டைவிட்டு வெளிக்கிட்ட நாளில், தம்பிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஆளுயர மாலை நேர்ந்து, அவரை உச்சியிலிருந்து குதிக்கால்வரை நூலால் அளந்து முடிச்சுப் போட்டிருந்தார். அந்த நூலைக் குங்குமச் சிமிழுக்குள் இருந்து எடுத்து நிலத்தில் நீட்டி, "இந்த அளவுக்கு ஒரு வில்லுச் செய்யுங்கோ. அவன் வருமட்டும் நீங்கள் பிடியுங்கோ" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கட்டை ஆள். ஆனாலும் மாமாவுக்காகப் பிடிக்கிறதுதானே என்று, தன் தலைக்கு மேல் நிற்கப்போகும் அந்த வில்லுக்கு மரம் தேடத் தொடங்கினார்.

அப்பா பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்தில் வேலை செய்தார். மாரிகாலத்தில் கத்தரித்த முசுக்கொட்டைக் கொப்பு ஒன்றை மாளிகைக்கார "சினோரா"விடம் கேட்டு வாங்கி, வேலை முடிந்து வரும் சனத்துக்கு இடையில் நட்டக்குத்தாகப் பிடித்தபடி ரயிலில் கொண்டுவந்தார். டிக்கெட் பார்க்கிறவர் இது எதற்கு என்று கேட்டாராம், மீன் பிடிக்க என்று இவர் சொன்னாராம். "வேட்டைக்கு எண்டால் பெர்மெசோக் கடுதாசி கேப்பான். மீனுக்கு ஆர் கேக்கிறது?" என்று அப்பா சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. அந்தக் கொப்பு என் கட்டிலுக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்து காய்ந்தது. பிறகு அதைக் கத்தியால் செதுக்கி, உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டி, தேங்காய் எண்ணெய் பூசி வில்லாக்கினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும், கடற்கரைப் பக்கத்துக் கால்சாவில் வலை பொத்துகிறவர்களிடம் வாங்கிய கயிற்றை முறுக்கி மெழுகேற்றி நாண் கட்டுவதும், அம்பு முனையில் எலுமிச்சம்பழம் குத்துவதும் அப்பாவின் வேலை. தெருவோரத்து மலைவேம்பில் குழை ஒடித்து வருவது என்னுடையது. வீட்டில் அந்தக் கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் காய்ச்சுவதில்லை.

மற்ற நாட்களில் வில் கதவுக்குப் பின்னால் நிற்கும். வீடுகள் துடைக்கப் போகும் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவின் பின்னால் பார்த்து "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். மாமாவின் படத்துக்கு மாலையில்லை, விளக்கில்லை, அதெல்லாம் செத்தவர்களுக்கு. எனக்கோ அந்த வில்லில் சரியான பயம். பள்ளிக்கூடம் விட்டுத் தனியாக வந்து கதவைத் தள்ளினால், அது மெல்லச் சரிந்து சுவரில் "டொக்" என்று தட்டும். ஆளில்லாத வீட்டில் யாரோ எழும்பி நிற்பதுபோல இருக்கும்.

எனக்குப் பதினைந்து வயதானபோது அப்பாவுக்கு முழங்கால் ஏலாமல் போய்விட்டது. திருவிழாவுக்குப் பொறுப்பாக இருந்த கடைக்கார அண்ணை வீட்டுக்கு வந்து, "அக்கா, என்ரை மருமோன் பிடிப்பான். ஆனால் முறைப்படி அவன்ரை அளவுக்கு ஒரு சாண் வெட்டவேணும்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. அம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். வில்லை வெட்டினால், மாமா வந்து பிடிக்க அவருடைய வில் இருக்காது.

அந்த ஞாயிறு பின்னேரம் எண்ணெய் பூசுவதற்காக வில்லை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, யன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றேன். முழுகிய தலையைத் துவாயால் சுற்றியிருந்தேன். குசினியில் இருந்து வந்த அம்மாவின் கையில் இருந்த கோப்பை விழுந்து உடைந்தது.

"சிவம்... எப்ப வந்தனீ?"

நான் திரும்பினேன். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிமிழைத் திறந்து நூலை எடுத்து, துவாயை அவிழ்த்து, என் உச்சியிலிருந்து கீழே பிடித்தார். முடிச்சு என் குதிக்காலில் வந்து நின்றது.

வேட்டை நாளன்று கோயிலில் வில்லோடு என்னைக் கண்டதும் கடைக்கார அண்ணைக்கு முகம் மாறிவிட்டது. "என்ன அக்கா, பொம்பிளைப்பிள்ளையை..." என்று தொடங்கினார்.

"அப்ப வில்லை வெட்டுங்கோ தம்பி. ஆனால் வெட்ட முதல், சிவம் செத்திட்டான் எண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ. நான் இப்பவே வீட்டை போய்ச் செத்தவீட்டுத் துடக்குக் காக்கிறன்" என்றார் அம்மா.

அந்தக் கராஜுக்குள் நின்றவர்களில், வீட்டில் ஒருவரையாவது தேடிக்கொண்டிராதவர்கள் குறைவு. ஐயர்தான் கடைசியில், "பிள்ளை வில்லை எடுக்கட்டும், நேரம் போகுது" என்றார். நான் சாமிக்கு முன்னால் நடந்தேன். வில் என் கைக்குச் சரியாகப் பொருந்தியது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வருடம் நான் அதைவிட ஒரு விரற்கடை வளர்ந்திருந்தேன். யாரும் அளந்து பார்க்கவில்லை.

இப்போது அந்தக் கராஜில் கார் கழுவுகிறார்கள். சனத்தில் பாதி லண்டனுக்குப் போய்விட்டது. வேட்டைத் திருவிழா நின்றுவிட்டது. குழை ஒடித்த மலைவேம்பையும் தறித்துவிட்டார்கள். போன மாரியில் அம்மாவும் கண்ணை மூடி மோசம் போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் ஐயர் எள்ளும் தண்ணீரும் கையில் தந்து, "வீட்டிலை முதல் மோசம் போனவையின்ரை பேரையும் சொல்லுங்கோ பிள்ளை" என்றார். அம்மப்பாவின் பெயரைச் சொன்னேன், அம்மம்மாவின் பெயரைச் சொன்னேன். ஐயர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ்வளவுதானோ?"

"ஓம் ஐயா, அவ்வளவுதான்."

மாமா உயிரோடு இருக்கிறார் என்று நான் நம்பவில்லை. கடைசி நாட்களில் அம்மாவே அதை நம்பினாரா என்பதும் எனக்குத் தெரியாது. வில் இப்போது என் வீட்டில், என் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. இன்று காலையும் வேலைக்கு வெளிக்கிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் பார்த்து "போட்டு வாறன் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன்.