முனிரத்தினம் காரில் காணாமல் போன பெட்ரோல்

மெக்கானிக் தொழிலில் வண்டியைப் பழுது பார்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, யார் யாரைச் சந்தேகப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது. பழைய கார் வைத்துப் படாத பாடு பட்டவரா நீங்கள்? அப்படியானால் நான் சொல்வது புரியும். எழுபதுகளில் திருத்தணி மலையடிவாரத்தில் ஷெட் வைத்திருந்தபோது எனக்கு நேர்ந்தது இது.

வந்த வழக்கு

முனிரத்தினம் அம்மையார்குப்பத்துக்காரர். தறி போட்டுச் சேலை நெய்து விற்பவர். சேலை மூட்டை ஏற்றிப்போக ஒரு பழைய கார் வைத்திருந்தார். அதை ஓட்டுபவர் தேவராஜுலு, முனிரத்தினத்தின் அக்கா வீட்டுக்காரர்; முனிரத்தினம் அவரை 'பாவா' என்றுதான் கூப்பிடுவார். மூன்று மாதமாக அந்தக் கார் இரண்டு மடங்கு பெட்ரோல் குடித்தது. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் இருவரும் என் ஷெட்டுக்கு வந்தார்கள். வழியில் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. தேவராஜுலு டீ வாங்கப் போனதும் முனிரத்தினம் என் காதருகே வந்தார்.

"ஒழுவுதுன்னா அடைச்சிக் குடு. ஒழுவலன்னா, அதை எங்க பாவா முன்னாடியே சொல்லிடு."

கையை மோந்தது

வண்டியை நிழலில் நிறுத்தி, அடியில் பழைய தினசரிகளைப் பரப்பினேன். சாயங்காலம் வரை ஒரு சொட்டு விழவில்லை. டாங்க், பைப், கார்புரேட்டர் எல்லாவற்றையும் துணியால் ஒற்றிப் பார்த்தேன். ஈரமே இல்லை.

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் தேவராஜுலு மறுபடி டீ வாங்கிவந்து கிளாசை நீட்டியபோது, பெட்ரோல் வாசனை அடிக்கிறதா என்று குனிந்து அவர் கையை மோந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. டீ வாசனைதான் வந்தது. ஆனால் நான் மோந்ததை அவர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. முனிரத்தினத்துக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"ஒழுவலன்னு நீ சொன்னா, நான் திருடன்னு அர்த்தம் நைனா."

கனகம்மாசத்திரம் வரை

மறுநாள் பங்க்கில் கழுத்து வரை பெட்ரோல் நிரப்பி, மூன்று பேரும் கிளம்பினோம். தேவராஜுலு ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்த முனிரத்தினம் ரோட்டைப் பார்க்கவில்லை, பாவாவின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். கனகம்மாசத்திரத்தில் திரும்பினோம். வழியில் எங்கேயும் நிற்கவில்லை, யாரும் இறங்கவில்லை.

அதே பங்க்கில் மறுபடி நிரப்பினால், போக வேண்டியதைப்போல இரண்டு மடங்கு உள்ளே போயிற்று. நான் கீழே படுத்துப் பார்த்தேன். இப்போதும் ஈரம் இல்லை. தேவராஜுலு முகத்தில், ஷெட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. முனிரத்தினம் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"பின்சீட்ல நீயும்தானே உக்காந்துகினு வந்த?"

ஏறிய ஆயில்

ஷெட்டுக்குத் திரும்பி, என்ன செய்வதென்று தெரியாமல் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, "கடைசியா ஆயில் எப்ப ஊத்தினீங்க?" என்று கேட்டேன்.

"மூணு மாசமா ஊத்தவே இல்ல. முன்னெல்லாம் வாரா வாரம் ஊத்துவேன். இப்ப குறையறதே இல்ல" என்றார் தேவராஜுலு, கொஞ்சம் பெருமையாகவே.

எனக்குச் சுரீரென்றது. ஆயில் குச்சியை உருவினேன். ஆயில் கோட்டுக்கு மேலே ஏறி, தண்ணீர் மாதிரி ஓடியது. மோந்தால் பெட்ரோல்! டாங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்பைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருந்தது. இஞ்சின் ஓடும்போதெல்லாம் பெட்ரோல் அந்தக் கிழிசல் வழியாக ஆயிலுக்குள் இறங்கியிருக்கிறது. நின்றால் இறங்காது, வெளியேயும் சொட்டாது; இறங்கியதில் பெரும்பங்கு இஞ்சின் சூட்டில் ஆவியாகிப் போயிருக்கும். ஒரு பொறி பட்டிருந்தால் மூன்று பேரும் கனகம்மாசத்திரம் ரோட்டிலேயே எரிந்திருப்போம். ஆயிலை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

புதுச் சவ்வு போட்டு, ஆயிலையும் மாற்றினேன். முனிரத்தினம் கிழிந்த சவ்வைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலை நிமிரவில்லை. "பாவா, வண்டிய எடுங்க, வூட்டுக்குப் போலாம்" என்றார். தேவராஜுலு நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"நீயே வந்து உங்க அக்காகிட்ட சொல்லு. நான் சொன்னா அவளும் நம்ப மாட்டா."

அன்று முதல் எந்த வண்டியையும் பார்த்து "ஒழுகவில்லை" என்று நான் சொல்வதில்லை, "எனக்குத் தெரியவில்லை" என்றுதான் சொல்கிறேன், அதைக் கேட்டு என் தொழில்மீதே சந்தேகப்பட்டு வேறு ஷெட்டுக்குப் போனவர்களும் உண்டு.