பாவித்த டிஸ்க்கும் பாலாவிச் சந்தியும்

ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர், அதிலும் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர், தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பந்து விளையாடுகிறார் என்ற செய்தி தில்லையடியில் பரவுவதை நான் விரும்பவில்லை. ஆகவே, மருமகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன வீடியோ விளையாட்டுப் பெட்டியை, முன்கதவைத் தாழிட்ட பின்னரே இயக்குவது என் வழக்கம். அந்தக் காலத்துக் கல்லூரி உதைபந்தாட்ட அணியில் நான் முன்வரிசை வீரன் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

கற்பிட்டியில் இருக்கும் என் மனைவியின் மூத்த சகோதரரும் நானும் அப்போது பேசிக்கொள்வதில்லை. என் மகளின் கலியாண விருந்தில் தம்மை முதற்பந்தியில், கூடியிருந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி அமர்த்தவில்லை என்பது அவருடைய குறை. பிந்தி வந்தவர் பிந்திய பந்தியில் அமர்வதே முறை என்பது என் நிலைப்பாடு. இன்றும் அதில் மாற்றமில்லை. யார் வீட்டுப் படியை யார் முதலில் ஏறுவது என்பதில் இருவரும் நின்றுவிட்டோம். இடையில் வாடியவள் என் மனைவி.

ஒரு நாள் அவளே வழி சொன்னாள். அண்ணனை அவள் நானா என்றே அழைப்பாள்.

"இங்க பாருங்க, நானாவும் அந்த போல் கேமதான் விளையாடுறாராம். ஒன்லைன்ல ரெண்டு பேரும் விளையாடலாமே. நீங்க அங்க போகவும் வேணாம், அவர் இங்க வரவும் வேணாம்."

கௌரவத்துக்குப் பங்கமில்லாத ஏற்பாடு. ஒப்புக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் என்று அவள் தமையனுடன் நேரம் பேசி முடித்தாள். அவள் முகத்தில் பெருநாள் களை வந்துவிட்டது.

அவரிடம் இருப்பது அந்த விளையாட்டின் புதிய பதிப்பாம். அதே டிஸ்க்கைத் தேடிப் பாலாவிச் சந்திக் கடைக்குப் போனேன். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒருவர் நடத்தும் கடை அது. பாவித்த டிஸ்க்குகளை விற்பார், வாடகைக்கும் விடுவார்.

"சேர், பாவிச்ச சாமான். ஒருக்காப் போட்டுப் பாத்திட்டு எடுங்கோ," என்றார் கடைக்காரர்.

கடையில் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் பார்க்க நான் பந்து விளையாடுவதா?

"தேவையில்லை. பொருத்தம்," என்றேன்.

"அப்ப எனக்கும் பொருத்தம், சேர்."

எங்கள் பகுதியில் தோணியோ மாடோ கைமாறும்போது சொல்லிக்கொள்ளும் வார்த்தை அது. குறை நிறைகளோடு மனமொப்பி ஏற்றுக்கொண்டேன் என்பது பொருள். அதன்பின் முறைப்பாடு கிடையாது.

வெள்ளிக்கிழமை டிஸ்க்கைப் போட்டேன். தனியே விளையாடத் தடையில்லை. ஒன்லைனில் நுழைய முற்பட்டதும் திரை ஒரு இரகசிய இலக்கம் கேட்டது. புதிய டிஸ்க்கின் உறைக்குள் வரும் அந்த இலக்கத்தை முதல் சொந்தக்காரர் பாவித்து முடித்துவிட்டாராம். எனக்கு வேண்டுமானால் கொம்பனிக்கு மறுபடி காசு கட்ட வேண்டுமாம். பாவித்த தோணியை வாங்கியவர் களப்பில் இறங்குவதற்கு, தோணி செய்த தச்சர் மீண்டும் காசு கேட்பாரா? கட்ட மறுத்துவிட்டேன்.

"நானா போனும் தூக்குறாரில்ல. நீங்க வேணுமெண்டே வரல்ல எண்டு நினைப்பார். இனி வாழ்நாளைக்கும் கதைக்க மாட்டார்," என்றாள் மனைவி.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரையோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, முச்சக்கர வண்டி பிடித்துப் பாலாவிக்குப் போனேன். பொருத்தம் சொன்னவன் முறையிட முடியாது. விளக்கம் கேட்கலாம் அல்லவா? கடை வாசலை நெருங்கும்போதே உள்ளே ஒரு பெருங்குரல் கேட்டது. என் மச்சான்!

"வாடகைக்கு எடுத்த டிஸ்க்குக்கு இன்னொரு காசா? என்ன நியாயம் இது?"

"ஹாஜியார், கொம்பனிக்காரன் ஆளுக்கு ஆள் புதுசாக் கேக்கிறான். எனக்கு ஒரு சதமும் வராது. இதால என்ர யாவாரமே படுத்திட்டுது," என்றார் கடைக்காரர்.

மச்சான் திரும்பி என்னைக் கண்டார். என் கையிலிருந்த டிஸ்க்கையும் கண்டார்.

"ஆ, மச்சான்! பழசு வாங்கி மாட்டிட்டீங்களாக்கும்?"

"ஓம். நீங்க வாடகைக்கு எடுத்து மாட்டினதவிட மேல்."

"நான் வேணுமெண்டு வராம வுட்டன் எண்டுதானே நினைச்சீங்க?"

"நீங்க நினைக்கல்லயா?"

கடைக்காரர் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார்.

"பக்கத்தில பக்கத்தில இருந்து விளையாடினா ஒரு கோட் நம்பரும் வேணாம், காசும் வேணாம்."

கடை யாருடைய வீட்டுப் படியும் அல்ல. அமர்ந்தோம். லொறிச் சாரதிகள் சுற்றிக் கூடிவிட்டார்கள். பள்ளிவாசல் நிருவாகத்தில் என்னோடு இருப்பவரே எட்டிப் பார்த்து, "யார் கோல்?" என்று கேட்டார். எழுந்து போயிருக்கலாம், ஆனால் மச்சான் முன் பின்வாங்குவது அதைவிடக் கேவலம்.

"காலேஜ் வீரர் பந்த வெளியால அடிக்கிறாரே!" என்றார் மச்சான்.

மூன்றுக்கு இரண்டு என்று அவர் வென்றார். என் கையிலிருந்த கருவியில் ஒரு பொத்தான் ஒட்டிக்கொண்டது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"அடுத்த ஆட்டம் எங்க?" என்று அவர் கேட்டார். மஃரிப் தொழுகைக்குக் கடையை மூடப் போகிறார்கள்.

"தோத்தவர் ஊட்டில. அதுதான் விதி," என்றேன். அப்படியொரு விதி அந்தக் கணம் வரை இருக்கவில்லை.

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். "விதியெண்டா வரத்தானே வேணும்," என்று முச்சக்கர வண்டியில் எனக்கு முன்னே ஏறி அமர்ந்துகொண்டார்.

மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். "நானா வாறார். நான் கூப்பிடல்ல, ஆட்ட விதிப்படி வாறார்."

"விதியோ கிதியோ, வழியில இறங்கவுடாமக் கூட்டிட்டு வாங்க," என்றாள் அவள்.