அத்தானின் கருவி காட்டிய திகதி

தகர மூடியைத் துடைத்துப் பார்த்தபோது ஸ்டிக்கரில் பாதி எழுத்துத்தான் மிஞ்சியிருந்தது. மற்றதை உப்புக்காற்று தின்றுவிட்டது. பிள்ளைகளே, அது உங்கள் மாமாவின் போட்டில் இருந்த ஜிபிஎஸ் கருவிக்குள் கிடந்த சின்னப் பகுதி. வானத்தில் சுற்றும் செய்மதிகள் சொல்வதைக் கேட்டு, நாம் கடலில் எங்கே நிற்கிறோம் என்று காட்டுவது அதுதான். மாமா என்றால் என் அக்காவின் புருஷன். நான் அத்தான் என்பேன். கல்லடியில் என் கடைக்குத் திருத்துவதற்கென்று இப்படிப் பழைய கருவிகள் நிறைய வரும். மாடல் நம்பரின் முன் எழுத்துகள் எந்தக் கம்பெனி என்று சொல்லும். கடைசி எழுத்து எந்தக் காலத்துச் சாமான் என்று சொல்லும். அத்தானுடையதில் அந்தக் கடைசி எழுத்துத் தப்பியிருந்தது. பழைய வகை.

அவர் அதைக் கொண்டுவந்தது ஒரு சித்திரை மாதத்தில். இடத்தைச் சரியாகக் காட்டிய கருவி, திகதியை மட்டும் ஏறக்குறைய இருபது வருஷம் பின்னுக்குக் காட்டியது. போட்டில் கூடப் போகிறவன் கடைவரை வந்து பகிடி பண்ணினான். "அண்ணன், உங்களுக்கு இருபது வயசு குறைஞ்சிட்டு. இனிப் பொண்ணு பாப்பம்." அத்தான் விடவில்லை. "உன்ட மாமியாரையே கேட்டுப் பாரன்" என்றார். அவன் போனதும் அத்தானின் முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் விளங்கப்படுத்தினேன். செய்மதி வருஷத்தைச் சொல்வதில்லை. எத்தனையாவது கிழமை, அதாவது எத்தனையாவது வாரம், என்றுதான் சொல்லும். அந்த எண்ணிக்கை நிரம்பினால் திரும்பவும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். புதிய வகைகளுக்கு அது தெரியும். பழையதுக்குத் தெரியாது, முந்திய சுற்றிலேயே நிற்பதாக நினைத்துக்கொள்ளும். முழுக் கிழமைகளாகப் பின்னுக்குப் போவதால் ஞாயிறு ஞாயிறாகவே இருக்கும், மாதமும் வருஷமும்தான் மாறிவிடும். "இடம் பிழைக்காது அத்தான். வேணுமெண்டா உள்ளுக்குப் புதுசு போட்டுத் தாறன்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தத் திகதியையே பார்த்தார். "இடம் சரியெண்டாக் காணும் மச்சான். மூடு."

ஏன் மூடச் சொன்னார் என்பது பிறகுதான் விளங்கியது. கருவி காட்டிய நாட்களில் அக்கா உயிரோடு இருந்தவ. நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் அவவின் வீடு. நம் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்தவன் அங்கே போய் இருப்பான். சுனாமி வந்த அந்த ஞாயிறு காலை அத்தான் ஆழ்கடலில் நின்றார். அங்கே அலை தெரியவேயில்லை. மீனோடு திரும்பியவருக்குத் தன் கரையையே அடையாளம் தெரியவில்லை. வீடு இழந்தவர்களுக்கென்று பிறகு கொடுத்த வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார். பெட்டியைக்கூட அவிழ்த்து அடுக்கவில்லை. "வா எண்டு சொல்ல ஒரு பொம்பிள இல்லாத வீட்டுக்குள்ள ஆர்ர உரிமையில போய் இருக்கிற?" என்பார்.

ஒருநாள் சோறு கொண்டுபோனேன். வெளியே ஆவணி வெயில். அத்தான் வாசலில் கருவியை வைத்துக்கொண்டு, "இண்டைக்குப் பொங்கலுக்கு முதல் நாள் மச்சான். உன்ட அக்கா என்னோட கோவம். நாளைக்குப் பொங்கிப்போட்டுத்தான் பேசுவா" என்றார். எனக்கும் அவ அக்காதானே. சோற்றை வைத்துவிட்டு வந்தேன்.

கருவியும் நாள் நாளாக, ஐந்து வருஷத்துக்கு மேல் முன்னுக்கு நகர்ந்தது. எந்த மார்கழியை நோக்கிப் போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் அத்தான் கடைக்கு வந்தார்.

"மச்சான், இத இருபத்தஞ்சாம் திகதியோட நிப்பாட்ட ஏலுமா?"

"ஏலாது அத்தான். இந்த மாடல்ல நாம திகதியத் தொட ஏலாது. புதுசு போட்டா இண்டைய திகதி வந்திரும்."

"புதுசு போட்டா அவ இப்பவே போயிருவா. போடாட்டி ஞாயிற்றுக்கிழமை போயிருவா."

அத்தான் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினார். "சரி. ஞாயிறு நான் கடலுக்குப் போகல்ல."

அந்த ஞாயிறு காலை நாவலடிக்குப் போனேன். வீட்டில் மிஞ்சியது மணல் மூடிய அத்திவாரம் மட்டும். அக்கா சமைத்த குசினி இருந்த மூலையில், வெள்ளைச் சேட்டு உடுத்து, அத்தான் இருந்தார். மடியில் கருவி, பக்கத்தில் பெற்றரி. திரையில் இருபத்தாறாம் திகதி. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஏன் தொழிலுக்குப் போகல்லெண்டு கேப்பா" என்றார்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"காய்ச்சல் எண்டு சொல்லுவன். நம்பமாட்டா."

கடல் எண்ணெய்போலக் கிடந்தது. அன்று அலை வந்த அந்த நேரம் வந்தது, போனது. வெயில் ஏறியது. மற்றப் போட்டுகள் கரைக்கு வந்துவிட்டன. அத்தான் கடலைப் பார்த்தபடியே கேட்டார்: "அண்டைக்கு நான் இஞ்ச நிண்டிருந்தாலும் ஒண்டும் செய்ய ஏலாது, என்ன?"

"ஏலாது அத்தான்."

"ஓம். ஆனா அவ தனியப் போயிருக்கமாட்டா."

பிறகு கருவியை நிறுத்தி என் கையில் தந்தார். "புதுசப் போட்டுத் தா. நாளைக்குத் தொழிலுக்குப் போகோணும்."

இப்போது அவருடைய போட்டில் இன்றைய திகதி ஓடுகிறது. அவர் அதைப் பார்ப்பதில்லை.