மணல் காற்றுக்கு முன் விட்ட இடைவேளை

1. கேபின் சட்டம்

தியேட்டர் கேபினில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பொய்யைக் கற்றுக்கொண்டேன். அன்று ஓடிய படத்தில் ஒரு சண்டைக் காட்சி பாதியில் தாவியது. பிலிம் கிழிந்து, வெட்டி ஒட்டிய இடம் அது. கீழே விசிலும் கூச்சலுமாக இருந்தது. ஒருவர் படியேறி வந்து, "என்னய்யா, பாதிச் சண்டையக் காணோம்?" என்றார். அப்போதிருந்த ஆப்பரேட்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படமே அப்புடித்தாங்க. எடுத்தவன் அம்புட்டுத்தான் எடுத்திருக்கான்" என்றார். வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனார். வெட்டியதை எந்தக் காலத்திலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. இதுதான் கேபின் சட்டம். முப்பத்தெட்டு வருஷம் நானும் அதை மீறவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எங்கள் தியேட்டருக்குக் கீரனூர், குளத்தூர், குன்றாண்டார்கோவில் பக்கமிருந்து பஸ்ஸிலும் வேனிலும் ஜனங்கள் வருவார்கள். வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்து ரீல் ஓட்டிய காலத்தில் சேர்ந்தேன். டிஜிட்டல் வந்த பிறகு பெட்டி பெட்டியாக ரீல் வருவது நின்று, ஒரே ஒரு ஹார்டு டிஸ்க் வர ஆரம்பித்தது. அதைத் திறக்கக் கம்பெனியிலிருந்து ‘கீ’ அனுப்புவார்கள். கீயில் எந்தத் தேதி போட்டிருக்கிறதோ அதுவரைதான் படம் ஓடும். அதற்குமேல் முதலாளியே தலைகீழாக நின்றாலும் ஓடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்பரேட்டர் ஜனங்களின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கேபின் கண்ணாடி வழியாகத் தெரிவதெல்லாம் பின்னந்தலைகள். ஆனால் பழகிவிட்டால் பின்னந்தலையை வைத்தே எல்லாம் சொல்லிவிடலாம். அழுகிற பொம்பளை தலையைக் கொஞ்சம் சாய்ப்பாள். அழுகிற ஆம்பளை போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போவான். குழந்தை மட்டும்தான் சீட்டில் ஏறி நின்று, திரைக்கு முதுகைக் காட்டி, அம்மா முகத்தைப் பார்த்து அழும்.

2. ஒட்டகப் படம்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் வெளிநாட்டுக் கார்ட்டூன் படம் ஒன்று தமிழில் டப்பிங் ஆகி வந்தது. ஓர் ஒட்டகக் குட்டி, அதன் அம்மா, வழியில் சேர்ந்துகொள்ளும் ஓர் ஆமை. முதல் பாதியெல்லாம் ஒரே கும்மாளம். நடுவில் மணல் காற்று அடிக்கும். அம்மா ஒட்டகம் குட்டியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்ளும். விடிந்ததும் குட்டி மணலுக்குள்ளிருந்து வெளியே வந்து அம்மாவை முட்டி முட்டி எழுப்பும். அம்மா எழாது. மொத்தம் ஒன்பது நிமிஷம். அதற்குப் பிறகு குட்டியும் ஆமையும் தனியாக நடப்பார்கள்.

முதல் மூன்று நாளும் அந்த ஒன்பது நிமிஷத்தில் ஹால் முழுக்க அழுகை. ஞாயிற்றுக்கிழமை ஓர் அம்மா கையில் பிள்ளையோடு கவுன்ட்டரில் வந்து சண்டை பிடித்தார். "சிரிக்கிற படம்னு போர்டு வச்சுட்டு இப்புடி அழுக வைக்கிறீங்களே, இவன் ராத்திரி தூங்குவானா?" என்றார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடங்களுக்குக் காலையில் ஸ்பெஷல் ஷோ. ஒரு நர்சரி பள்ளியின் தாளாளர் முன்கூட்டியே வந்து முதலாளியிடம் பேசினார்.

"பிள்ளைக அழுதா பேரன்ட்ஸ் என்னையத்தாங்க கேப்பாங்க. அந்த எடத்த மட்டும் எடுத்துருங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "முடியுமா?"

"படத்த வெட்ட முடியாதுங்க. ஆனா தாண்டலாம்" என்றேன்.

இந்த மாதிரி வெளிநாட்டுப் படங்களில் இடைவேளை கிடையாது. எங்கே விடுவது என்று எங்களைப் போன்ற ஆப்பரேட்டர்கள்தான் முடிவு செய்வோம். நான் மணல் காற்று அடிக்க ஆரம்பிக்கும் முன் இடைவேளை விட்டேன். பிள்ளைகள் பாப்கார்ன் வாங்கப் போன நேரத்தில் படம் ஏற்றியிருக்கும் சர்வரில் ஒன்பது நிமிஷம் தாண்டி வைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குட்டியும் ஆமையும் நடந்துகொண்டிருந்தார்கள். ஒட்டு எங்கே என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. தாளாளர் கேபினுக்கே வந்து கைகொடுத்தார். முதலாளிக்கும் பரம சந்தோஷம். "இனிமே எல்லா ஷோவுக்கும் இப்புடியே ஓட்டுங்க, ராசு" என்றார். நானும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

3. சனிக்கிழமை மேட்னி

சனிக்கிழமை மேட்னி முடிந்ததும் ஒருவர் ஏழு வயதுப் பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கேபின் படியேறி வந்தார். காக்கி பேன்ட், சட்டைப் பையில் வேன் சாவி. மூச்சு வாங்கியது. கோபமாக வந்த மாதிரித் தெரியவில்லை.

"அண்ணே, அந்தக் காத்தடிக்கிற சீனு எங்கண்ணே? போன ஞாயித்துக்கெழம சவாரிக்கு வந்தப்ப நானே பாத்தேன். அம்மா ஒட்டகம் படுத்துக்கிருமே."

வாயில் பதில் தயாராக இருந்தது. யோசிக்கக்கூட இல்லை. "அப்புடி ஒரு சீனே இல்லைங்களே. வேற ஏதும் படத்த நெனச்சுக்கிட்டுச் சொல்றீங்களோ?" என்றேன்.

"இல்லண்ணே, இதே படந்தான். குட்டி முட்டி முட்டி எழுப்பும்."

"நானும் தெனம் நாலு ஷோ பாக்குறேங்க. இருந்தா எனக்குத் தெரியாதா?"

அவர் முகம் குழம்பியது. தன் கண்ணையே சந்தேகப்படுகிற மாதிரி நின்றார். அந்தப் பெண் அவர் விரலைப் பிடித்து இழுத்தாள். "விடுங்கப்பா. அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். நல்லானதும் வந்துரும். வாங்கப்பா, போவம்" என்றாள். பெரிய மனுஷி சின்னப் பிள்ளையைத் தேற்றுகிற குரல் அது. இருவரும் இறங்கிப் போனார்கள். நான் அடுத்த ஷோவுக்கு வேலையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து கேண்டீன் பழனி டீ கொண்டுவந்தார். அவருக்கு ஆவூருக்குப் பக்கத்து ஊர். "ஆவூரு சவரிமுத்து புள்ளையோட எதுக்குங்க மேல வந்தாப்ல?" என்று கேட்டார். சொன்னேன். பழனி டிரேயைக் கீழே வைத்துவிட்டார்.

"பாவம்ங்க அவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுறான். பொண்டாட்டி போயி எட்டு மாசம் ஆகுது. திருச்சி ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல போச்சு. அடக்கத்தன்னைக்கி இந்தப் புள்ளைய குன்றாண்டார்கோவில்ல அத்த வீட்டுக்கு அனுப்பிட்டாக. ‘அம்மா ஆஸ்பத்திரியில இருக்கு’ன்னு சொன்னது சொன்னதுதான். ‘நேரம் பாத்து நானே சொல்லிக்கிறேன், யாரும் வாயத் தெறக்கக் கூடாது’ன்னு ஊருக்கே சொல்லி வச்சிருக்கான். இன்னமும் சொன்ன பாடில்ல."

கேபின் கதவைத் தள்ளிக்கொண்டு கீழே ஓடினேன். வேன் போய்விட்டது.

4. ஆறு நாள்

இனி எழுதப்போவது எனக்கு வெட்கமான விஷயம். அன்று சனிக்கிழமை. வியாழன் இரவுவரை கீ இருந்தது. பழனியிடம் நம்பர் வாங்கி, "நான் சொன்னது பொய், நாளைக்கே புள்ளையக் கூட்டிட்டு வாங்க, முழுசாப் போடுறேன்" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஞாயிறு கூட்டம் அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கள் பேசலாம் என்றேன். திங்கள் வந்ததும் செவ்வாய் என்றேன். வெட்டியதை ஒத்துக்கொள்ள நாக்கு புரளவில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஒன்று மட்டும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முதலாளியிடம் கேட்காமலே அந்த ஒன்பது நிமிஷத்தையும் ஓட்டினேன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளைகள் அழுதார்கள். சீட்டில் ஏறித் திரும்பி அம்மாக்களைக் கட்டிக்கொண்டார்கள். அம்மாக்களும் அழுதார்கள். ஐந்தாறு நிமிஷம் போனதும் ஆமை தடுக்கி விழுந்ததற்கு அதே பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். இதை முதல் மூன்று நாளும் பார்த்தவன்தான் நான். அழுகையை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு சிரிப்பை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேறு படம் வந்தது. ஒட்டகப் படம் ஹார்டு டிஸ்க்கிலேயே கிடந்தது, ஆனால் கீ செத்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டு ஒரே ஒரு ஷோவுக்குக் கீ கேட்டேன். "ஒருத்தருக்காகவா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

5. ஆவூர்

அதற்கடுத்த திங்கள் லீவு போட்டுவிட்டு ஆவூருக்கு பஸ் ஏறினேன். பள்ளிக்கூடமும் அன்று விடுமுறை, அதனால் சவரிமுத்து வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அந்த சீனு இருந்துச்சு. நாந்தான் தாண்டிவிட்டேன். ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எட்டு மாசமாச் சொல்லப் பாக்குறேண்ணே. வாய்க்கு வரவே மாட்டேங்குது. அன்னைக்கி அந்தப் படத்தப் பாத்ததும், சரி, நம்ம சொல்ல வேணாம், இந்த ஒட்டகமே சொல்லிரும்னு நெனச்சேன். இருட்டுல பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்கிட்டாப் போதும்னுதான் கூட்டியாந்தேன்" என்றார். "இருங்க, குடிக்கக் கலர் வாங்கிட்டு வாரேன்" என்று கடைக்குப் போனார்.

அமலி வந்து எதிரில் நின்றாள். அதுதான் அந்தக் குழந்தையின் பெயர். முப்பத்தெட்டு வருஷத்தில் படம் பார்த்த ஒரு குழந்தையின் முகத்தை அத்தனை பக்கத்தில் நான் பார்த்தது அன்றுதான்.

"தாத்தா, அந்த ஒட்டகத்தோட அம்மா எங்க போச்சு?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். காற்று வந்தது, அம்மா குட்டிமேல் படுத்துக்கொண்டது, விடிந்தது, குட்டி வெளியே வந்தது. இதுவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நான் தாண்டிய அதே இடத்தில் என் வாயும் நின்றுவிட்டது.

"செத்துப்போச்சா?" என்று அவளே கேட்டாள்.

"ஆமாம்மா."

அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். அப்பா இன்னும் வரவில்லை. "எங்க அம்மாவும் அப்புடித்தான். கல்லறையில வச்சிருக்காங்க. ஸ்கூல்ல படிக்கிற ஒரு அக்கா கூட்டிட்டுப் போயிக் காட்டுச்சு. அப்பாட்ட சொல்லிறாதீங்க, தாத்தா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அழுவாரு."

கேபினில் அவள் சொன்னதற்கு அப்போதுதான் அர்த்தம் விளங்கியது. ஆஸ்பத்திரி என்ற பொய்யை அவள் நம்பவில்லை. அப்பாவுக்காக அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். படம் பார்க்கும்போது அப்பா அழுதிருந்தால் அவளும் அழுதிருப்பாள். படத்துக்குத்தானே அழுகிறோம் என்று இரண்டு பேரும் இருந்திருக்கலாம். அந்த ஒன்பது நிமிஷத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

6. பின்னந்தலை

அமலியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சவரிமுத்து என்னைப் பஸ் ஸ்டாப்வரை வேனில் கொண்டுவந்தார். முன் சீட்டில் ஸ்டெப்னி டயர் கிடந்ததால் பின்னால் உட்கார்ந்தேன்.

"ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தீங்களே, என்ன சொன்னா?" என்று கேட்டார்.

ஒன்றும் சொல்லவில்லை என்று வாய் வரை வந்தது. அந்தக் குழந்தை என்னை நம்பிச் சொன்னது. சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. அதைக் காப்பாற்றுவது மரியாதையா, இல்லை இதுவும் நான் செய்யும் இன்னொரு வெட்டா என்று புரியவில்லை. இன்றுவரை எனக்கு அதில் தெளிவு கிடையாது. ஆனால் சொல்லிவிட்டேன்.

"அவளுக்குத் தெரியும்ங்க. ரொம்ப நாளாவே தெரியும். நீங்க அழுவீங்கன்னுதான் காட்டிக்கலை."

வேன் ரோட்டோரம் நின்றது. அவர் திரும்பவில்லை. முன்னால் அவருடைய பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. அதைப் படிக்க எனக்குத் தெரியும் என்று முதலிலேயே சொன்னேன். போன் வந்த மாதிரி எழுந்து போக அவருக்கு அங்கே இடம் இல்லை. நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். வேன் வந்த வழியே திரும்பிப் போனது. பஸ் ஸ்டாப்வரை நடந்தேன்.

அந்த வாரம் பள்ளிக்கூட ஷோக்களில் மட்டும் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், அவர்களில் யார் வீட்டில் என்ன சொல்லாமல் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு வீட்டுக்குத்தான் என்னால் பஸ் ஏறிப் போக முடிந்தது. அதுவும் ஆறு நாளை வீணாக்கி, கீ செத்த பிறகு.

இப்போது கேபினில் இருப்பவர்கள் இடைவேளை எங்கே விடலாம் என்று கேட்டு எனக்குப் போன் செய்வதுண்டு. அழுகை வரும் இடத்துக்கு முன்னாலும் வேண்டாம், அது முடிந்த கையோடும் வேண்டாம் என்பேன். பிள்ளைகள் அழுது முடித்துச் சிரித்த பிறகு விடுங்கள். விளக்கைப் போடுவதற்கு முன், அப்பாக்களுக்கும் முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.