ஸ்பிரே கன்னுக்கு ஒரு மாலை

நேற்று தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் யாரோ காருக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். தின்னர் வாடை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கோ முருகேசன் ஞாபகம்.

தொண்ணூறுகளில் மைசூர் ஹெப்பாளில் இரும்பு பீரோ செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு டெஸ்பாட்ச் வேலை. வேலை என்று பெருமையாகச் சொல்கிறேன். பீரோவை லாரியில் ஏற்றுகிறவர்களைப் பார்த்து "மெல்ல, மெல்ல" என்று கத்துவதுதான். தமிழ்நாட்டு எல்லையோரக் கோபிநத்தத்துக்காரன் முருகேசன் அங்கே பெயிண்ட் அடிப்பவன். வேலை இருவருக்கும் ஒரே தகரக் கூரையின் கீழ், நடுவில் ஒரு தடுப்பு. எனக்குத் தும்மல்கூட வந்ததில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் நெஞ்சு விசிலடிக்கும்.

"ஊருக்குப் போறப்ப, பாலாறு செக்போஸ்ட் வர்றப்பவே மூச்சு லேசாயிருதுங்க. மைசூர்க் குளிருதான் நமக்கு ஆவல" என்பான். நாங்களும் நம்பினோம். என் பங்குக்கு ஒரு மங்கி குல்லா வாங்கிக் கொடுத்தேன், பெரிய வைத்தியன் மாதிரி.

ஆயுத பூஜைக்கு ஷெட்டைக் கழுவி, பெயிண்ட் கன்னுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, தசரா லீவில் ஊருக்குப் போனான். திரும்பியபோது நெஞ்சில் சத்தமே இல்லை. "கன்னுக்கு வெச்ச பூசைதாங்க. சாமி கண்ணத் தொறந்துருச்சு" என்றான். அதிலிருந்து திங்கட்கிழமை தவறாமல் கன்னுக்கு மாலை, கட்டு ஊதுபத்தி. அந்தப் புகை அடங்குவதற்குள் கம்ப்ரெஸர் ஓட ஆரம்பிக்கும். மதியத்துக்குள் இழுப்பு வந்துவிடும். "பூசையில என்ன கொறையோ" என்று தன்னையே நொந்துகொள்வான். பார்க்கப் பாவமாக இருக்கும்.

கடைசியில் அவனைப் பார்த்த ஒரு டாக்டர்தான் உடைத்துச் சொன்னார்: "லீவுல நல்லா இருக்குன்னா, வேலைதான் காரணம். விட்டுடுப்பா."

அவனை டெஸ்பாட்சில் போடச் சொல்லி சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன். "கன்னடா ஓதக்கெ பருத்தா அவனிகெ?" என்றார், அவனுக்குக் கன்னடம் படிக்க வருமா என்று. முருகேசனுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. லாரிச் சீட்டெல்லாம் கன்னடத்தில்தான்.

பேக்கரிக்குப் போனான். மைதாத் தூள் பறந்தது, அங்கும் இழுத்தது. பிறகு ஊதுபத்தி மாவு பிசையப் போனான். ஊருக்கே போய்விடேன் என்றேன்.

"ஊர்ல மூச்சு இருக்குதுங்க, சோறு இல்லீங்களே."

ஒரு மழைக்காலத்தில், ஊதுபத்தி ஷெட்டிலேயே அவன் மூச்சு நின்றுவிட்டது.

பீரோ கம்பெனி இருந்த இடத்தில் இப்போது ஐடி கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. தகரக் கூரையும் இல்லை, கம்ப்ரெஸர் சத்தமும் இல்லை. ஆயுத பூஜைக்கு அந்த பஸ்களுக்கும் மாலை போடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் பூஜை உண்டு. ஊதுபத்தி மட்டும் ஏற்றவிடமாட்டேன். ஏன் என்று மனைவி கேட்டால், மூக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவேன்.