ஒரே பெயருக்குள் ஐந்து பேர்

மும்பையில் ரயில் நண்பர்களுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை. செம்பூரிலிருந்து அலுவலகத்துக்குப் பல ஆண்டுகளாக ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் போகிறேன். கூட வருகிறவர்கள் ஐந்து பேர். வண்டி நேரத்தையும் அவரவர் இருக்கும் இடத்தையும் சேர்த்துத்தான் அவர்களை ஃபோனில் பதிந்து வைத்திருந்தேன்: 8.12 ஜன்னல், 8.12 மின்விசிறி, 8.12 கதவு. எல்லாருடைய எண்களும் என்னிடம் மட்டுமே இருந்தன. பிறந்த நாள்களைக் குறித்துவைத்து, அன்று காலை பெட்டியில் பேடா இனிப்பு கொடுப்பது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

அந்த ஜூன் மாதம் காலண்டர் தகராறு செய்தது. ஃபோனில் குறித்த பிறந்த நாள் வீட்டுக் கணினியில் ஒரு நாள் முன்னதாகப் போய் விழுந்தது. கணினியை நம்பிப் பேடா வாங்கிப் போய் நீட்டினேன். பிறந்த நாளுக்குரியவர் 8.12 கதவு. குர்லாவில் ஏறுபவர், பட்டறை வேலை, திருநெல்வேலிப் பக்கம். பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"என்ன அண்ணாச்சி, நாளைக்குத்தான பொறந்தேன்? எங்கம்மைக்கு ஒரு நாள் முந்தியே வலி எடுக்க வச்சிட்டீகளே!"

அதோடு எனக்குக் காலண்டர் அண்ணாச்சி என்று பெயர் நிலைத்துவிட்டது.

தேதி தவறினால் எனக்குத் தூக்கம் வராது. ஜூலையில் ஒரு ஞாயிறன்று உட்கார்ந்து சரிசெய்யத் தொடங்கினேன். கணினி வேறு ஏதோ நாட்டு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை மாற்றினேன், ஃபோனிலிருந்து கணக்கை நீக்கி மறுபடி சேர்த்தேன். பிறந்த நாள்கள் அந்தந்த இடத்துக்குத் திரும்பின. தொடர்பு எண்களையும் இணைத்துவிடலாம் என்று அடுத்த பொத்தானை அழுத்தினேன். கணினியில் இருந்த பழைய மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கதவு, ஜன்னல் எல்லாம் அதில் கேள்விக்குறிகளாக வந்தன. 8.12, பின்னால் கேள்விக்குறிகள். இப்படியே ஐந்து வரிகள். ஒரே பதிவு ஐந்து முறை நகலாகிவிட்டது என்று எண்ணினேன். 'ஒன்றாகச் சேர்க்கவா?' என்று கணினி கேட்டது. சேர் என்றேன். கணினி செய்ததை ஃபோனும் அப்படியே ஏற்றுக்கொண்டது. நான் கவனிக்கவில்லை.

மறுநாள் திங்கள், மழை. குர்லாவில் 8.12 கதவு ஏறவில்லை. முந்தைய வண்டி தாமதமாக வந்தால் அதில் தொற்றிக்கொள்வது அவர் வழக்கம் என்பதால் நான் பெரிதாக எண்ணவில்லை. குர்லாவைத் தாண்டியதும் வண்டி நின்றது. வெகுநேரம் நின்றது. வாசலில் நின்ற ஒருவர் ஃபோனில் கேட்டறிந்து உள்ளே சொன்னார்:

"ஆகேவாலி காடி ஸே கோயி கிர் கயா."

முன்னால் போன வண்டியிலிருந்து யாரோ விழுந்துவிட்டார். ஜன்னல்காரர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் மராத்திக்காரர், எங்களுக்குள் இந்திதான். மெதுவாக, "உஸ்கோ ஃபோன் லகாவோ," கதவுக்காரருக்கு ஃபோன் போடு என்றார்.

ஃபோனைத் திறந்தேன். கதவு இல்லை. ஜன்னலும் இல்லை. 8.12 என்று ஒரே ஓர் ஆள், கேள்விக்குறிகளோடு. அவருக்குள் ஐந்து எண்கள். எது யாருடையது என்று தெரியவில்லை.

முதல் எண்ணை அழுத்தினேன். எதிரே ஜன்னல்காரரின் சட்டைப்பை ஒலித்தது. யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அது அவருடையதாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே மூன்றாவதை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ஹலோ, யாரு?"

"எட்டு பன்னெண்டு வண்டியில கூட வர்றவன்மா."

"காலண்டர் அண்ணாச்சியா? சொல்லுங்க. அவுக ஃபோன வீட்லயே போட்டுட்டுப் போயிட்டாக. சாப்பாட்டு டப்பாவும் இங்கதான் கெடக்கு. ஒங்க கூடத்தான நிக்காக? கொஞ்சம் குடுங்க, பேசணும்."

இல்லை என்று சொன்னால், இல்லாத செய்தியை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்ததாகும்.

"கூட்டமா இருக்கும்மா. அவரு அந்தக் கதவுகிட்ட நிக்கறார்."

"சரி, மத்தியானம் வெளிய எதாச்சும் திங்கச் சொல்லுங்க. வெறும் சாயாவக் குடிச்சுட்டுக் கெடப்பாக."

சொல்கிறேன் என்றேன். வண்டி ஊர்ந்து அடுத்த நிலையமான சுனாபட்டிக்குள் நுழைந்ததும், விழுந்தவரை அங்கேதான் கொண்டுவந்திருப்பார்கள் என்று இறங்கிவிட்டேன்.

நடைமேடையின் கோடியில் ஒரு ஸ்ட்ரெச்சர். மேலே வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள். ஒன்றில் மட்டும் செருப்பு. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் உறைத்தது, இத்தனை ஆண்டுகளில் கதவுக்காரருடைய கால்களை நான் பார்த்ததே இல்லை. அந்த நெரிசலில் ஒருவருக்கு ஒருவர் முகம், தோள், கம்பியைப் பிடித்த கை, அவ்வளவுதான்.

ரயில்வே போலீஸ்காரர் என்னைக் கவனித்துவிட்டார்.

"ஓளக் ஆஹே கா? நாவ் காய்?"

தெரிந்தவரா, பெயர் என்ன என்று கேட்கிறார். எனக்கு அவர் பிறந்த தேதி தெரியும். விழுந்து விழுந்து சிரிப்பது தெரியும். பெயர் தெரியவில்லை. 8.12 கதவு என்று ஒரு போலீஸ்காரரிடம் எப்படிச் சொல்வது?

முகத்தைக் காட்டச் சொல்ல மனம் வரவில்லை. "கையைப் பார்க்கலாமா?" என்று இந்தியில் கேட்டேன். கதவுக்காரருடைய வலது புறங்கையில், வெல்டிங் பொறி பட்டு வழவழவென்று ஆறிய ஒரு தழும்பு உண்டு.

போலீஸ்காரர் ஒரு கணம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துணியின் ஓரத்தைத் தூக்கினார். ஓர் இளைஞனின் வலது கை. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. தழும்பு இல்லை.

"நஹி," என்றேன். கடவுளே, நன்றி என்று உள்ளுக்குள் சொன்னேன். சொன்னதும் அந்தக் கையை மறுபடி பார்க்கத் துணிவில்லை.

ஃபோன் ஒலித்தது. திரையில் 8.12, கேள்விக்குறிகள். ஐந்து பேரில் யாராகவும் இருக்கலாம். அந்தப் பெண்ணாகவும் இருக்கலாம். விழுந்தவரைப் பற்றி அதற்குள் கேள்விப்பட்டிருப்பாள். எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணாச்சி," என்றது ஆண் குரல். "நான் ஒங்க வண்டியில கதவுகிட்ட நிக்கேனாமே? கூட்டம் ரொம்பவோ?"

ஃபோனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"ஸ்டேசன் வர வந்துட்டு, டப்பாவ எடுக்கத் திரும்புனேன். வீட்டுக்குள்ள காலு வச்சா, 'இதுக்குள்ள எப்படி வந்தீக, பேய் மாதிரி'ன்னு கேக்கா. ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீக?"

"சும்மாதான்."

"சும்மாவா? அவ இப்ப என்னையத் தொட்டுத் தொட்டுப் பாக்கா. எதாச்சும் ஆயிட்டா?"

பதில் சொல்லப் போனேன். ஸ்ட்ரெச்சருக்கு அருகே வைத்திருந்த நனைந்த பையிலிருந்து ஒரு ஃபோன் ஒலிக்கத் தொடங்கியது. சத்தமான ஒரு கல்யாணப் பாட்டு. நின்றது. உடனே மறுபடி ஒலித்தது. போலீஸ்காரர் அதை வெளியே எடுத்துத் திரையைப் பார்த்தார். எடுத்துப் பேசவில்லை. திரை கீழே இருக்கும்படி பையின்மேல் கவிழ்த்து வைத்தார்.

"அது என்ன பாட்டுச் சத்தம் அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல," என்றேன். "யாரோ கூப்பிடறாங்க."